படம் கோணினால் எங்கே கை வைப்பது: வீட்டில் செய்த ப்ரொஜெக்டருக்கு ஒரு பழுது வழி

போன வருடம் மட்டும் ஏழு ப்ரொஜெக்டர் பெட்டிகள் சேலம் அம்மாப்பேட்டையில் உள்ள என் வீட்டு மாடிக்கு வந்தன. எல்லாம் கைவேலை. பழைய லேப்டாப்பில் கழற்றிய பேனல், பின்னால் ஒரு எல்.இ.டி, முன்னால் ஒரு லென்ஸ், சுற்றிலும் பிளைவுட். கொண்டுவந்த ஏழு பேரும் சொன்னது ஒன்றுதான்: "அண்ணா, படம் கோணலா வருதுங்க." பிரித்துப் பார்த்தால் ஐந்து பெட்டியில் பழுது என்று சொல்ல எதுவும் இல்லை. மேசை சரிவு, திரைத்துணி தொய்வு, செட்டிங்ஸில் வீட்டுப் பிள்ளைகள் கை வைத்தது, இவ்வளவுதான். அதற்குள் மூன்று பேர் புது லென்ஸ் வாங்கி மாட்டிவிட்டு வந்திருந்தார்கள்.

அதனால் எந்தக் குறை தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். காசில்லாத காரணம் முதலில், காசு பிடுங்கும் காரணம் கடைசியில் என்று வரிசைப்படுத்தியிருக்கிறேன். 15.4 இன்ச் பேனல், 100 வாட் எல்.இ.டி, பேனலுக்கு முன்னும் பின்னும் இரண்டு ஃப்ரெனல் (வட்ட வட்டமாக வரி வெட்டிய தட்டையான லென்ஸ் தகடு), 320 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸ் என்ற வழக்கமான பெட்டியை மனதில் வைத்து எழுதியது. போனை அட்டைப்பெட்டிக்குள் நிறுத்திப் பூதக்கண்ணாடி மாட்டியவர்களுக்கும் பாதி உதவும்.

எதையும் கழற்றுவதற்கு முன்

ஓடும் சினிமாவை வைத்துப் பழுது பார்க்காதீர்கள். கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, நடுவில் ஒரு பெரிய வட்டம் வரைந்த படம் ஒன்றைப் பேனலின் அளவுக்கே செய்து பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேனலுக்குப் படம் அனுப்பும் போர்டின் மெனுவில் ஜூம், கீஸ்டோன் (கோணலை நேராக்குவது), ஆஸ்பெக்ட் (அகல உயர விகிதம்) என்று எதை மாற்றியிருந்தாலும் பழைய நிலைக்குக் கொண்டு வாருங்கள். பிறகு இன்ச் டேப்பால் திரையில் விழும் படத்தின் நான்கு பக்கங்களையும் அளந்து சாக்பீஸால் சுவரிலேயே எழுதுங்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரிவது டேப்புக்குச் சரியாக இருக்காது.

தேவைப்படும் சாமான்: இன்ச் டேப், ரசமட்டம், மூலைமட்டம், தூக்குகுண்டு, ஒரு கண்டு நூல். எங்கள் பக்கம் நூலுக்குப் பஞ்சமில்லை, பக்கத்துத் தறியில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி அளக்க வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று அடுத்த முறை தெரியாது.

மேலே அகலம், கீழே குறுகல் (அல்லது ஒரு பக்கம் பெரிது, மறுபக்கம் சிறிது)

வருகிற பெட்டிகளில் பாதிக்கு மேல் இதுதான்.

மேல்பக்கம் அகலமென்றால் பெட்டி அண்ணாந்து பார்க்கிறது. கீழ்ப்பக்கம் அகலமென்றால் பரணிலிருந்து குனிந்து பார்க்கிறது. இடது பெரிதென்றால் திரையின் இடது ஓரம் லென்ஸுக்குத் தூரமாகவும் வலது ஓரம் பக்கமாகவும் இருக்கிறது.

முதலில் பெட்டியின் முன்காலுக்குக் கீழே பாருங்கள். படம் சுவரில் கொஞ்சம் மேலே விழட்டும் என்று டெலிபோன் டைரக்டரியையோ செங்கல்லையோ முட்டுக் கொடுத்திருப்பீர்கள். அதை எடுத்துவிட்டு, பெட்டி முழுவதையும் உயரமான ஸ்டூலில் ரசமட்டம் பார்த்து வையுங்கள். லென்ஸின் நடுவும் திரையின் நடுவும் ஒரே உயரம். முக்கால்வாசிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

முடியவில்லையா? லென்ஸின் அடியில் நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைத் திரையின் மேல் இடது மூலைக்கு இழுங்கள். அந்த நீளத்தில் முடிச்சுப் போட்டு, அதே நூலை மேல் வலது மூலைக்குக் கொண்டுபோங்கள். முடிச்சு மூலையில் சரியாக உட்கார வேண்டும். முன்னாலோ பின்னாலோ நின்றால் பெட்டி நடுவில் இல்லை, அல்லது திரை திரும்பியிருக்கிறது. மேல் மூலைக்கும் கீழ் மூலைக்கும் இதே சோதனை. சுவரே சாய்ந்திருக்கிறதா என்று தூக்குகுண்டைத் தொங்கவிட்டும் பாருங்கள். பழைய வீடுகளில் சுவர் அடிப்பக்கம் தடிப்பாக இருக்கும்.

நூல் சரி, படம் மட்டும் கோணல் என்றால்தான் பெட்டியைத் திறக்க வேண்டும். பேனல் நிற்கும் காடிக்குள் (பலகையில் வெட்டிய பள்ளம்) மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள். அடிப்பலகைக்கும் பேனலுக்கும் நேர்கோணம் இருக்கிறதா? காடி தளர்ந்து பேனல் ஒரு நூல் (இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு) சாய்ந்திருந்தாலும் திரையில் கண்ணுக்குத் தெரியும். ஃபெவிகாலும் ஒரு துண்டு தக்கையும் போதும்.

பெட்டியை நடு உயரத்தில் வைக்கவே முடியாது, நடுவில் ஆட்கள் உட்காருவார்கள் என்கிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. பெட்டியைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்துவது. பேனலும் திரையும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கிறவரை படம் கோணாது, லென்ஸ் மேலே போனாலும் கீழே போனாலும். மேலே சொன்ன சாமான்களில் 100 இன்ச் படம் கிடைக்கும்போது திரை ஏறக்குறைய 2.4 மீட்டரில் இருக்கும், படம் பேனலைப் போல் ஆறரை மடங்கு. அந்த நிலையில் லென்ஸை 2 செ.மீ. ஏற்றினால் படம் 15 செ.மீ. ஏறும், 4 செ.மீ. ஏற்றினால் 30. லென்ஸ் பலகையில் நீளத் துளை போட்டுச் சிறகு நட்டு வைத்துவிட்டால் வேண்டியபடி ஏற்றி இறக்கலாம். லென்ஸை ஏற்றிய அளவுக்கே அதற்கும் பேனலுக்கும் நடுவில் உள்ள ஃப்ரெனலையும் ஏற்றுங்கள், இல்லையென்றால் வெளிச்சம் லென்ஸுக்குக் கீழே போய்விடும். அந்த ஃப்ரெனல் பேனலைவிடப் பெரிதாக இருந்தால்தான் இதற்கு இடம் இருக்கும். என் பெட்டியில் 4 செ.மீ. தாண்டினால் மூலை இருட்ட ஆரம்பிக்கிறது.

போர்டிலோ டிவி பாக்ஸிலோ உள்ள கீஸ்டோன் செட்டிங்கைக் கடைசிக்கு வைத்திருங்கள். அது படத்தைச் சுருக்கித்தான் நேராக்கும். 1280 × 800 பேனலில் இருக்கிற புள்ளியே கொஞ்சம், அதிலும் வெட்டினால் சப்டைட்டில் எழுத்து கொசகொசவென்று ஆகிவிடும்.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவைத் தாண்டும்போதெல்லாம் ஒன்று தோன்றும். 1935-ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டூடியோ, இந்த ஊரில் படம் எடுத்தே தள்ளியிருக்கிறார்கள். அந்தப் படங்களை ஓட்டிய கொட்டகைகளில் ஆபரேட்டர் அறை உயரத்தில் இருக்கும், படம் கீழ்நோக்கிச் சாய்ந்துதான் விழும். அவர்களுக்கும் இதே கோணல்தான். ஃபிலிமுக்கு முன்னால் உள்ள தகட்டின் சன்னலை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவி, திரையில் ஓரங்கள் நேராகத் தெரியும்படி செய்வார்கள். திரையைச் சுற்றிக் கறுப்புத் துணி ஓரம். உள்ளே கோணல் அப்படியேதான் இருக்கும், ஆனால் ஓரம் நேராக இருந்தால் கண் ஏமாந்துவிடும். இரண்டு மூன்று செ.மீ. கோணல் மிச்சமிருந்தால் நானும் நாலு இன்ச் கறுப்புத் துணியை ஓரம் தைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன்.

இந்தக் குறைக்கு ஆளைக் கூப்பிடத் தேவையே இல்லை. மீறிப் போனால் காடி வெட்ட ஒரு தச்சர்.

வட்டம் முட்டையாகத் தெரிகிறது

ரிமோட்டில் போர்டின் மெனுவை வரவழையுங்கள். மெனு பெட்டியும் எழுத்தும் ஒழுங்காக இருந்து, படம் மட்டும் நீண்டோ சப்பையாகவோ இருந்தால் குறை அனுப்புகிற பக்கத்தில். போனிலோ டிவி பாக்ஸிலோ 4:3, 16:9 மாறியிருக்கும். லேப்டாப் என்றால் அதன் டிஸ்ப்ளே அளவைப் பேனலின் சொந்த அளவுக்கு வையுங்கள். 15.4 இன்ச் பேனல்களில் 1280 × 800 நிறைய உண்டு, அது 16:10. அதற்கு 1366 × 768 அனுப்பினால் முகமெல்லாம் லேசாக இழுபடும்.

மெனுவும் சேர்ந்து முட்டையானால் போர்டுக்குள் ஏற்றியிருக்கும் மென்பொருள் வேறு பேனலுக்கானது. படம் இரண்டாகப் பிளந்து தெரிவது, பாதி படம் மறுபக்கம் போய் ஒட்டிக்கொள்வது எல்லாம் இதே வகை. பேனலின் பின்னால் உள்ள மாடல் எண்ணை எழுதிக்கொண்டு போர்டு விற்ற கடைக்கே போங்கள். தவறான ஃபைலை நீங்களே ஏற்றினால் போர்டு செத்துப்போகவும் வாய்ப்பு உண்டு, அங்கே விளையாட வேண்டாம்.

நேர்க்கோடு வளைகிறது, நெளிகிறது

பெட்டியை ஓர் அடி இடதுபக்கம் தள்ளுங்கள். வளைவு துணியில் அதே இடத்திலேயே நின்றால் துணிதான் குற்றவாளி. வளைவும் படத்தோடு சேர்ந்து நகர்ந்தால் பெட்டிக்குள் பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனை எனக்கு நிறைய அலைச்சலை மிச்சப்படுத்தியிருக்கிறது.

எட்டு முழ வேட்டியை இரண்டு ஆணியில் மாட்டினால் நடுவில் தொய்யத்தான் செய்யும். மேல் ஓரத்தில் ஒரு பி.வி.சி. பைப், கீழ் ஓரத்தை மடித்துத் தைத்து இன்னொரு பைப், அதற்குள் மணல். துணி பலகை போல் நிற்கும்.

பெட்டிக்குள் என்றால் முதல் சந்தேகம் ஃப்ரெனல் மேல். அது அக்ரிலிக் தகடு. சேலத்து மே மாதத்தில் அறையே 40 டிகிரியைத் தொடும், பெட்டிக்குள் கேட்கவே வேண்டாம். நான்கு பக்கமும் ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தால் விரிய இடமில்லாமல் நடுவில் புடைத்துக்கொள்ளும். கரண்டை நிறுத்தி, ஆறவிட்டு, அதன் வழவழப்பான பக்கத்தில் டியூப்லைட்டின் பிரதிபலிப்பைப் பாருங்கள். டியூப் நேராகத் தெரிந்தால் தகடு நேர். பாம்பு மாதிரி வளைந்து தெரிந்தால் தகடு புடைத்திருக்கிறது. ஸ்க்ரூவைத் தளர்த்தி, பக்கத்துக்கு 2 மி.மீ. இடைவெளி விட்டுக் காடிக்குள் சும்மா நிற்க விடுங்கள். தளர்த்திய பிறகும் புடைப்பு போகாவிட்டால் மாற்றத்தான் வேண்டும், அப்படிப்பட்டது நேரானதை நான் பார்த்ததில்லை.

அடுத்தது, பேனலுக்கும் லென்ஸ் பக்கத்து ஃப்ரெனலுக்கும் உள்ள இடைவெளி. தூரம் கூடக்கூட ஓரக்கோடுகள் வளையும். ஒன்றிலிருந்து இரண்டு செ.மீ.க்குள் வைத்துப் பாருங்கள். ஒரேயடியாக ஒட்டவும் கூடாது, ஒட்டினால் ஃப்ரெனலின் வரிகள் திரையில் இசைத்தட்டு மாதிரி வட்ட வட்டமாகத் தெரியும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் நான்கு ஓரமும் ஒரே மாதிரி வளைந்தால் லென்ஸ்தான் காரணம். ஒற்றைப் பூதக்கண்ணாடிக்கு இது பிறவிக்குணம். மூன்று கண்ணாடி சேர்ந்த ப்ரொஜெக்ஷன் லென்ஸுக்கு மாறுவதுதான் வழி. இந்தப் பட்டியலில் செலவு அதிகம் இதற்குத்தான், ஆகவே கடைசியில் இதற்கு வாருங்கள்.

ஒரு பக்கம் தெளிவு, மறுபக்கம் மங்கல்

இடது தெளிவாகவும் வலது மங்கலாகவும் இருந்தால் லென்ஸ் பலகையும் பேனலும் இணையாக இல்லை. பேனலின் நான்கு மூலையிலிருந்தும் லென்ஸ் பலகைக்கு டேப் பிடியுங்கள். நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும், 1 மி.மீ. வித்தியாசமே தெரியும். பலகைக்கும் பெட்டிக்கும் நடுவில் விசிட்டிங் கார்டைக் கிழித்துச் சொருகிச் சரிசெய்வேன்.

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படம் காட்ட என் சித்தப்பா ஒரு பெட்டி வைத்திருக்கிறார். நவம்பர் மாதம் அழைத்தார். "கண்ணு, போன மாசம் பளிச்சுன்னு இருந்துச்சு. இப்ப ஒரு பக்கம் பால் ஊத்துன மாதிரி இருக்குது." இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ப் பார்த்தால், எம்.டி.எஃப். பலகை (மரத்தூளை அழுத்திச் செய்தது) மழைக்காலத்து ஈரத்தைக் குடித்து அடியில் உப்பியிருந்தது. விரலால் அழுத்தினால் ரஸ்க் மாதிரி பொருபொருவென்று உதிர்ந்தது. லென்ஸ் பலகை ஒரு நூலுக்கு மேல் சாய்ந்துவிட்டது. மலைமேல் வைக்கிற பெட்டிக்கு எம்.டி.எஃப். வேண்டவே வேண்டாம். மரைன் பிளைவுட், வெட்டிய ஓரமெல்லாம் வார்னிஷ்.

நடு தெளிவாக இருந்து நான்கு மூலையும் ஒரே அளவு மங்கினால், லென்ஸைத் துடைக்கக் கழற்றியவர்கள் முன்பின்னாக மாட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். திருப்பி மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் புடைப்பான ஒற்றைக் கண்ணாடி என்றால் புடைப்புப் பக்கம் திரையைப் பார்க்க வேண்டும். அப்படியும் மங்கினால் கறுப்பு அட்டையில் லென்ஸைவிடச் சிறிய வட்டம் வெட்டி அதன்மேல் ஒட்டுங்கள். வெளிச்சம் குறையும், மூலை தெளியும்.

முதலில் எல்லாம் தெளிவாக இருந்து அரைமணி நேரம் கழித்து மங்குகிறதா? சூடு. லென்ஸ் குழாய் நழுவுகிறது, அல்லது ஃப்ரெனல் புடைக்கிறது.

படம் ஆடுகிறது, எழுத்து இரட்டையாகத் தெரிகிறது

என் தெருவிலேயே ஒரு வீடு. சாயங்காலம் படம் போட்டால் எழுத்தெல்லாம் இரண்டிரண்டாக நடுங்கும். பேனல் கேபிள் என்று நினைத்து மாற்றினேன். போகவில்லை. போர்டை மாற்றினேன். போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது படம் சிலை மாதிரி நின்றது. அப்போதுதான் உறைத்தது: பக்கத்து விசைத்தறி அன்று ஓடவில்லை. ப்ரொஜெக்டர் வைத்திருந்த ஸ்லாப் தறிக்கூடத்தோடு சேர்ந்த பொதுச்சுவரில் பதித்தது. ஒரு டம்ளர் தண்ணீரை அந்த ஸ்லாப்பில் வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும், மேல்பரப்பில் வளையம் வளையமாக நடுங்கியிருக்கும். பெட்டியை நடு அறையில் ஸ்டூலுக்கு மாற்றி, காலுக்குக் கீழே மடித்த சைக்கிள் டியூப் வைத்தோம். தீர்ந்தது. கேபிளுக்கும் போர்டுக்கும் போன காசு போனதுதான்.

தறி இல்லாத தெருவில் உங்கள் பெட்டியின் ஃபேனே தறி. விரலால் ஒரு நொடி ஃபேனை நிறுத்திப் பாருங்கள் (நடுவில் அழுத்துங்கள், இறக்கையில் இல்லை). ஆட்டம் நின்றால் ஃபேன் ஸ்க்ரூவுக்கு ரப்பர் வாஷர்.

ஆடாமல், கிடைமட்டமாக ஒரு பட்டை மெதுவாக மேலே ஏறிக்கொண்டே இருந்தால் பழைய வி.ஜி.ஏ. கேபிளில் எர்த் தொல்லை. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகுங்கள், அல்லது எச்.டி.எம்.ஐ.க்கு மாறுங்கள். பொட்டுப் பொட்டாக வண்ணம் மின்னினால் போர்டிலிருந்து பேனலுக்குப் போகும் எல்.வி.டி.எஸ். கேபிளை இரண்டு முனையிலும் கழற்றிச் சொருகுங்கள். மேலிருந்து கீழாக ஒரே இடத்தில் நிலையாக நிற்கும் கோடு பேனலின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய நாடாவில் வந்த பழுது. அதை வீட்டில் ஒட்ட முடியாது, வேறு பேனல்தான்.

தலைகீழ், இடம்வலம் மாற்றம்

தலைகீழாகவும் இடம்வலம் மாறியும் இருந்தால் பேனலைத் தலைகீழாக நிறுத்துங்கள், லென்ஸின் இயல்பு அது. எழுத்து மட்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்தால் பேனல் முன்பின்னாக நிற்கிறது, அல்லது வழியில் ஒரு நிலைக்கண்ணாடி வைத்திருக்கிறீர்கள். பேனலைத் திருப்புங்கள். அதுவரை வி.எல்.சி. பிளேயரில் படத்தைப் புரட்டும் வசதியை வைத்து ஓட்டலாம்.

மூலை இருட்டு

லென்ஸ்மேல் ஒரு துண்டு பட்டர் பேப்பரை ஒட்டுங்கள். வெளிச்சம் அதன் நடுவில் சிறிய திட்டாக விழ வேண்டும். திட்டு ஓரமாக விழுந்தால் எல்.இ.டி நடுவில் இல்லை, ஒரு மூலை மட்டும் இருட்டுவது இதனால்தான். திட்டு பரந்து லென்ஸுக்கு வெளியே வழிந்தால் எல்.இ.டி-க்கும் முதல் ஃப்ரெனலுக்கும் உள்ள தூரம் தப்பு. அந்த ஃப்ரெனலின் குவியத் தூரம் 220 மி.மீ. என்றால் அங்கே வைத்துத் தொடங்கி, ஐந்தைந்து மி.மீ.யாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். நகத்தால் சுரண்டி இரண்டு ஃப்ரெனலின் வரிப் பக்கங்களும் பேனலை நோக்கி இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டாலும் எல்.இ.டி-யை நேராகப் பார்க்காதீர்கள்.

நடுவில் கருமையான கறை

உடனே அணையுங்கள். பேனல் வெந்துகொண்டிருக்கிறது. ஆறியதும் கறை மறைந்தால் தப்பித்தீர்கள், ஃபேனைப் பெரிதாக்கி, எல்.இ.டி-யின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கில் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கிறதா என்று பார்த்து, பேனலை 50 டிகிரிக்குள் வையுங்கள். ஆறிய பிறகும் மஞ்சளாகவோ பழுப்பாகவோ நின்றால் பேனல்மேல் ஒட்டியிருக்கும் போலரைசர் ஷீட் கருகிவிட்டது. ஷீட்டை உரித்து மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் இரண்டு பேனலை உடைத்த பிறகு அந்த வேலையை விட்டுவிட்டேன்.

மலைமேல் மட்டும் பால் மாதிரி

குளிரில் வெளியே வைத்திருந்த பெட்டியை ஆட்கள் நிறைந்த அறைக்குள் கொண்டுவந்தால் லென்ஸில் பனி கோக்கும். துடைக்காமல் ஃபேனை மட்டும் ஓடவிட்டு இருபது நிமிடம் பொறுங்கள். திறந்தவெளியில் மூடுபனி இறங்கினால் ஒன்றும் செய்ய முடியாது, வெளிச்சம் வழியிலேயே நின்றுவிடும். மாதக்கணக்கில் பெட்டியை அங்கேயே விட்டால் லென்ஸுக்குள் சிலந்திவலை மாதிரி பூஞ்சை படரும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடி வையுங்கள். படர்ந்துவிட்டதென்றால் கேமரா பழுது பார்க்கிறவரிடம் கொடுங்கள், லென்ஸை நீங்களே பிரித்தால் திரும்ப அதே அச்சில் சேர்க்க முடியாது.

பெட்டியைத் தொட்டால் சுரீர் என்கிறது

படத்தோடு சம்பந்தமில்லாதது, ஆனாலும் மூலை இருட்டுக்காக எல்.இ.டி-யை நகர்த்தும்போது கை படுவது இங்கேதான். டிரைவர் (எல்.இ.டி-க்கு ஏற்றபடி கரண்டை மாற்றிக் கொடுக்கும் பகுதி) இல்லாமல் நேராக 230 வோல்ட்டில் எரியும் எல்.இ.டி சிப்புகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் கை படும் இடமெல்லாம் மெயின் கரண்ட். டெஸ்டரை ஹீட்சிங்கில் வைத்து விளக்கு எரிந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 30 முதல் 36 வோல்ட் சிப்பும் தனி டிரைவரும் போடச் சொல்லி, ஹீட்சிங்கிலிருந்து எர்த் ஒயர் இழுக்கச் சொல்லுங்கள். எல்.இ.டி-க்குப் பதில் மெட்டல் ஹாலைடு விளக்கு வைத்த பழைய பெட்டியாக இருந்தால் அதன் பற்றவைக்கும் பகுதியில் ஆயிரக்கணக்கான வோல்ட் பாயும். அந்தப் பெட்டியைத் திறக்கவே திறக்காதீர்கள், அப்படியே எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.